ஆட்டுக்கு அடியில் இருக்கும் நான்

கொரியர்கள் 'உய்' என்று வாசிக்கும் சீன எழுத்து ஒன்று உண்டு. அறம், நேர்மை, கடமை எல்லாம் அதற்குள் அடக்கம். மொத்தம் 13 கோடுகள். மேல் பாதி ஆடு: முதலில் இரண்டு கொம்புகள், பிறகு மூன்று கிடைக்கோடுகள், நடுவே ஒரு குத்துக்கோடு. கீழ்ப் பாதி, 'நான்' என்ற சொல்லுக்கான எழுத்து. தென்கொரியாவின் பூசான் நகரில் ஆய்வு மாணவனாக இருந்தபோது தூரிகை எழுத்து வகுப்புக்குப் போவேன். அந்தக் கீழ்ப் பாதியில் ஒரு நீண்ட சாய்கோடு வரும். வலப்பக்கம் சரிந்து இறங்கி, முடிவில் கொக்கிபோல மேல்நோக்கிச் சுண்ட வேண்டும். அங்கே கை தளர்ந்தால் ஆடு மொத்தமும் சரிந்துவிடும். ஆசிரியர் என் மணிக்கட்டைப் பிடித்து அந்த ஒரு கோட்டையே திரும்பத் திரும்ப இழுக்க வைத்தார்.

அந்த 'நான்' ஆதியில் ஓர் ஆயுதம். 3,000 ஆண்டுகளுக்கு முந்தைய, சீனாவின் ஷாங் அரசமரபுக் காலத்து எலும்புப் பொறிப்புகளில், பல் பல்லான வெட்டுவாயோடு அது வரையப்பட்டிருக்கிறது. ஒலி ஒத்துப்போனதால் 'நான்' என்பதற்கு இரவலாக எடுத்துக்கொண்டார்கள். ஆடு பலிக்குரியது, ஆகவே இரண்டும் சேர்ந்து முதலில் ஒரு சடங்கைக் குறித்திருக்க வேண்டும் என்கிறார்கள் பலர். கி.பி. 100 வாக்கில் அகராதி தொகுத்த ஷூ ஷென், ஒருவர் தன்னளவில் காக்கும் கம்பீரம் என்று பொருள் எழுதினார். பலி, ஆயுதம், நான். மூன்றும் ஒரே எழுத்தில் வந்து சேர்ந்ததைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கொரியாவில் இந்த எழுத்து போகாத இடம் இல்லை. 1592-இல் ஜப்பான் படையெடுத்து அரசப்படை சிதறியபோது குவாக் ஜே-ஊ போன்றவர்கள் ஊர்மக்களைத் திரட்டிப் போரிட்டார்கள். அந்தப் படைகளுக்குப் பெயர் 'உய்ப்யோங்', அறப்படை. 1909 அக்டோபர் 26 அன்று ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானிய அரசியல் தலைவர் இதோ ஹிரோபூமியைச் சுட்ட ஆன் ஜுங்-குன், 'உய்சா', அதாவது அறவீரர், என்ற அடைமொழி இல்லாமல் அழைக்கப்படுவது அபூர்வம். அடுத்த மார்ச்சில் தூக்கிலிடப்படுவதற்கு முன் சிறையில் அவர் எழுதிய எழுத்தோவியங்களில் ஒன்று பூசான் தோங்ஆ பல்கலைக்கழகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அதன் எட்டு எழுத்துகளில் ஒன்று இந்த 'உய்'. கையொப்பத்துக்குக் கீழே மை தோய்ந்த இடது உள்ளங்கை. மோதிரவிரல் பாதியில் நின்றுவிடுகிறது. தோழர்களோடு சபதம் செய்தபோது நுனியை வெட்டிக்கொண்டவர் அவர். அதன் முன்னால் நின்றபோது எனக்கு எழுத்துகள் கண்ணில் ஏறவில்லை. அந்தக் குட்டை விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பக்கம், செயற்கைக் கால் 'உய்ஜோக்'. பல்செட் 'உய்ச்சி'. ரத்த உறவில்லாமல் அண்ணன் தம்பியாக வரித்துக்கொண்டவர்கள் 'உய்ஹ்யோங்ஜே'. கூடப் பிறக்காத ஒன்றை ஏற்று, பிறந்ததன் இடத்தில் வைப்பதற்கும் அதே எழுத்துதான்.

ஆய்வகத்தில் எனக்கு அப்படி ஓர் அண்ணன் வாய்த்தார். 'ஹ்யோங்' என்றுதான் கூப்பிடுவேன். அப்பா இறந்த செய்தி வந்த இரவில், நான் வாய் திறந்து கேட்பதற்குள் டிக்கெட்டுக்குப் பணம் கட்டியவர். விமான நிலையம்வரை கூடவே வந்தவர். ஊரிலிருந்து திரும்பியதும், "நாம் இனி உய்ஹ்யோங்ஜே" என்றார். எனக்கு அழுகை வந்தது.

பிற்பாடு, ஓர் இளைய மாணவி மாதக்கணக்கில் எடுத்த அளவீடுகள் அவர் பெயரில் கட்டுரையாக வெளிவந்தன. மாணவி புகார் கொடுத்தாள். விசாரணைக் குழு என்னையும் அழைத்தது. குறிப்பேட்டில் அவள் கையெழுத்தைப் பக்கம் பக்கமாக நான் பார்த்திருக்கிறேன். முந்தைய நாள் மாலை ஹ்யோங் என் அறைக்கு வந்தார். "தெரியாது என்று மட்டும் சொல்லிவிடுடா. உய்ரி என்று ஒன்று இருக்கிறதில்லையா?"

கொரியாவில் அன்றாடம் காதில் விழும் சொல் அது. பழகியவரைக் கைவிடாத குணம். உய்ரி இல்லாதவன் என்று பெயரெடுத்தால் கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் இருக்காது. அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பண்டைச் சீனச் சிந்தனையாளர் மென்சியஸின் பெயரிலான நூலில் ஒரு வாதம் வரும். அன்பு உள்ளேயிருந்து வருவது, 'உய்' வெளியிலிருந்து வருவது என்பார் காவோ. இரண்டும் உள்ளேயிருந்துதான் என்று மென்சியஸ் மறுப்பார். படித்தபோது பண்டிதர்களின் சண்டையாகத் தெரிந்தது, அன்று என் அறைக்குள்ளேயே நடந்தது. ஹ்யோங் கேட்டது வெளியிலிருந்து வந்தது. நியாயமான கேள்விதான், அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கையெழுத்தைப் பார்த்த கண் என்னுடையது. அதை யாரிடமும் ஒப்படைத்துவிட முடியாது.

மறுநாள் பார்த்ததைச் சொன்னேன். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. தாழ்வாரத்தில் அந்த மாணவி தலை தாழ்த்தி வணங்கி, "சொன்பே (மூத்தவரே), நீங்கள் உய்ரி உள்ளவர்" என்றாள். உய்ரி கெட்டவன் என்று ஹ்யோங் எல்லாரிடமும் சொல்லிவிட்டார் என்பது அந்த வாரமே காதுக்கு வந்தது.

இருவர் சொன்னதும் உண்மை என்றுதான் நினைக்கிறேன். அப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க எனக்கு வாய்த்தது ஹ்யோங்கின் தயவால்தான். டிக்கெட் பணத்தை எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டேன்; பட்ட கடன் அப்படியே நிற்கிறது. அதைச் சுமந்துகொண்டே இன்னொரு முறை அந்தக் குழுவின் முன் உட்கார நேர்ந்தாலும், குறிப்பேட்டில் இருந்தது யார் கையெழுத்து என்பதைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.