ரேஸ் ட்ராக்கை யார் கூட்டுறாங்க?

நீங்க ரேஸ் பாக்குற ஆளா? அப்படின்னா அடுத்த தடவை காரை விட்டுட்டு ரோட்டைப் பாருங்க. ப்ராக்டிஸ் முடிஞ்சு கார்கள் உள்ளே போனதும் ஒரு லாரி மெதுவா வரும். அடியில் சுத்துற பிரஷ், கூடவே உறிஞ்சுற குழாய். டயரில் இருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்கு, மண் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகும். டிவியில் அந்த நேரம் விளம்பரம் ஓடும்.

எனக்கு இந்தக் கிறுக்கு பிடிச்சது கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில். 2.1 கிலோமீட்டர் ட்ராக். 1995-ல் விமான விபத்தில் இறந்த ரேஸர் கரிவர்தன் பெயரை வெச்சிருக்காங்க. ஃபார்முலா பாரத் போட்டிக்கு காலேஜ் டீமோட அங்க போயிருந்தேன். ஆட்டோகிராஸில் ஒரு கோனைத் தட்டினா 2 செகண்ட் போச்சு. முன்னாடி போன கார் ஓரத்து மண்ணில் இறங்கி ஏறினா, அடுத்து வர்றவனுக்கு அந்த வளைவில் பிடிப்பே இருக்காது. ஒரு வருஷம் சஸ்பென்ஷன் டிசைன் பண்ணிட்டு, ஒரு கைப்பிடி மண்ணுகிட்ட தோக்குறதை யோசிச்சுப் பாருங்க!

எங்க அப்பா திருப்பூரில் காம்பாக்டிங் மெஷின் ஓட்டுறார். ஊர்க்காரங்களுக்கு விளக்க வேண்டாம். மத்தவங்களுக்கு: பனியன் துணிக்கு நீராவி காட்டி நீளவாக்கில் நெருக்கி விடுற மெஷின், பின்னாடி துவைச்சா ரொம்பச் சுருங்கக் கூடாதுன்னு. தார் ரோட்டிலும் இதே வார்த்தைதான், காம்பாக்‌ஷன். சுமார் 150 டிகிரி சூட்டில் வர்ற கலவையை பேவர் விரிக்கும், ஆறுறதுக்குள்ள ரோலர் அழுத்தணும். பேவர் நடுவில் நின்னா அங்க மேடு தட்டும். அதனால ரேஸ் ட்ராக்கில் ரெண்டு மூணு பேவரை ஒட்டி ஒட்டி, நிக்காம ஓட்டி, சூடு இருக்கும்போதே இணைப்பைச் சேர்ப்பாங்க. இதை அப்பாகிட்ட சொன்னேன். "எங்களுக்கும் அதே கதைதான் கண்ணு, நிறுத்துனா துணியில தடம் விழுந்துரும்"னார்.

மழை பெய்ஞ்சா இன்னும் கூத்து. அமெரிக்காவில் ஜெட் இன்ஜினையே வண்டியில் கட்டி ட்ராக்கைக் காய வைக்கிறாங்க. 2012 டேடோனா 500-ல் மோன்டோயா கார் அந்த வண்டி மேலயே மோதி, எரிபொருள் கொட்டித் தீப்பிடிச்சது. ரெண்டு மணி நேரம் ரேஸ் நின்னுச்சு. ரோட்டைக் கழுவ எதைப் போட்டாங்க தெரியுமா? டைட். நம்ம வீட்டு சோப்புத்தூள்!

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு எங்க பேட்ச்சில் எல்லாரும் எலெக்ட்ரிக் கோ-கார்ட்னாங்க. நான் ட்ராக் கூட்டுற ப்ளோயர் பண்ணலாம்னேன், வண்டி பின்னாடி மாட்டி இழுக்கிற மாதிரி. "ரெஸ்யூமேல தொடப்பம்னு போடுவியா?"ன்னு ஒருத்தன் கேட்டான். ப்ளேஸ்மென்ட் சீசன், அவன் பயம் அவனுக்கு. வேற பேட்ச்சுக்குப் போயிட்டான். மிச்சம் மூணு பேர்.

நாசிலை எந்தக் கோணத்தில் வைக்கிறதுன்னு வீட்டில் உக்காந்து கணக்குப் போட்டுட்டு இருந்தப்ப அப்பா எட்டிப் பாத்தார். மெஷினில் படியுற பஞ்சுத்தூசியை ஏர் பைப்பால தினமும் அடிக்கிற ஆள். "நேரா கீழ அடிச்சா தூசி எந்திரிச்சு மறுபடி அங்கயேதான் உக்காரும். சாச்சு அடி, ஒரே பக்கமாத் தள்ளிட்டே போ" என்றார்.

30 டிகிரியில் ஆரம்பிச்சு மாத்தி மாத்திப் பாக்கப் போறோம். முதல் ரிவ்யூவுக்கு மூணு வாரம் இருக்கு. உங்க ஊர் நிட்டிங் யூனிட்டில் பழைய ப்ளோயர் மோட்டார் சும்மா கிடந்தா மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப் பக்கம் வந்து சொல்லுங்க. த்ரீ-ஃபேஸ்னாலும் பரவாயில்லை.