எத்தனை நாள் ஆகும்?

வானொலியில் எல்லாவற்றுக்கும் நேரக்கணக்கு உண்டு. அந்தப் பழக்கத்தில்தான், சிறுநீரகக் கல் அடைத்து, கிருமி இரத்தத்தில் பரவி மாமா ஐசியுவில் கிடந்தபோது டாக்டரிடம் கேட்டேன்: "எத்தனை நாள் ஆகும்?"

அவர் நாள் எதுவும் சொல்லாமல், கவனிக்க வேண்டியதைச் சொன்னார். அடைப்புக்குப் பின்னால் தேங்கிய சிறுநீரைக் குழாய் வைத்து எவ்வளவு சீக்கிரம் வெளியேற்றுகிறோம், மருந்தின் துணையில்லாமல் இரத்த அழுத்தம் நிற்கிறதா, மூச்சுக்கு இயந்திரம் வேண்டுமா, டயாலிசிஸ் தேவைப்படுமா. ஒவ்வொன்றும் நாட்களைக் கூட்டும். வயதும் இனிப்புநீரும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

மறுநாளிலிருந்து அத்தை தேதி கேட்கவில்லை. "இன்றைக்கு எவ்வளவு சிறுநீர் போனது?" என்றுதான் தாதியிடம் கேட்பார். பையில் அளவு கூடக் கூட எங்களுக்கு உயிர் வந்தது. ஆறாம் நாள் மாமாவை வார்டுக்கு மாற்றினார்கள்.

2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். ஐசியு நாட்கள், வீட்டில் நாம் காத்திருக்கும் மணி நேரத்தையும் பொறுத்தவை. விலாவில் வலியோடு குளிர்காய்ச்சலும் வந்தால், "விடியட்டும், பார்ப்போம்" என்று படுத்துவிடாதீர்கள். அன்றிரவே புறப்படுங்கள்.