மாதுங்கா வீதியில் ஒரு மணப்புல்

மும்பையில் கார்மேகம் கடலிலிருந்து திரண்டெழும் ஆனி மாதத்தில் மாதுங்காக் கடைத்தெருவிற்குச் செல்லும் அன்பர்கள், புதினாவிற்கும் இஞ்சிக்கும் அருகே நீண்ட பச்சைப் புற்கட்டுகள் சாய்ந்திருக்கக் காண்பர். மாட்டுத் தீவனமோ என ஐயுறுவோர் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தால் போதும். எலுமிச்சை மணம் கமழும். மராட்டியர் இதனைக் 'கவதி சஹா', அதாவது புல் தேயிலை என்பர். குஜராத்தியர் 'லீலி சா', பச்சைத் தேயிலை என்பர். நமக்கு இது எலுமிச்சைப்புல்.

இப்பகுதியின் வரலாறே நோயோடு பிணைந்தது. 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் வாட்டியது. நெருக்கமும் இருளுமே நோயை வளர்த்தன என்று கருதிய அரசு, 1898-இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளையை நிறுவிற்று. காற்றும் வெளிச்சமும் புகும் அகன்ற வீதிகளோடு தாதர், மாதுங்காப் பகுதிகள் அதன் திட்டத்தில் உருவாயின. அவ்வீதிகளில் நம்மவர் பலர் குடியேறினர். 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கமும் இங்கே தோன்றிற்று.

ஊரில் சளி என்றால் நம் தாய்மார்கள் கற்பூரவல்லியையும் துளசியையும் சுக்கையும் நாடுவர். இங்கு வந்தபின், அண்டை வீட்டு மராட்டிய மாதரிடமிருந்து இப்புல்லின் பயனையும் கற்றனர். சுக்கோடு இப்புல்லும் இன்று நம் அடுக்களையில் இடம்பெற்றிருக்கிறது. குடிபுகுந்த மண்ணிடம் நாம் பெற்ற கல்வியுள் இதுவும் ஒன்றெனலாம்.

செய்முறை எளிது. இருவருக்கு மூன்று இலைகளைக் கழுவிச் சிறு துண்டுகளாக நறுக்கி, தட்டிய இஞ்சியோடு நீரிலிட்டுச் சில நிமிடம் கொதிக்கவிடுக. பின் தேயிலைத் தூளும் பாலும் சர்க்கரையும் சேர்த்து வடிகட்டலாம். சளி பிடித்தோர் தேயிலையும் பாலுமின்றிக் கஷாயமாகவே பருகுதல் இதமளிக்கும்.

வளர்ப்பதும் அரிதன்று. விதை தேட வேண்டா. வேரோடு கூடிய ஒரு தூர் கிடைத்தால் போதும். அடியில் துளையுள்ள அகன்ற தொட்டியில் மணல் கலந்த மண்ணிட்டு, மழைத் தொடக்கத்தில் நட்டு, வெயில் படும் பலகணியில் வைக்க வேண்டும். நீர் தேங்கினால் வேர் அழுகும். புதர் செழித்தபின் அடியில் ஒரு சாண் விட்டு இலைகளை அறுத்தால் மீண்டும் தழைக்கும். இலை விளிம்பு கையைக் கீறும். குழந்தைகளை விலக்கி வைத்தல் நலம்.

இப்புல்லின் மணத்திற்குக் காரணம் சிட்ரால் என்னும் எண்ணெய்ப் பொருள். அது சில நுண்கிருமிகளை ஒடுக்குவதை ஆய்வுக்கூடங்களில் கண்டுள்ளனர். ஆயினும் கிண்ணத்தில் உள்ள கஷாயம் காய்ச்சலைத் தீர்க்கும் என்பதற்குச் சான்றில்லை. தொண்டைக்கு இதம், உடலுக்கு வெம்மை, மனத்திற்கு ஆறுதல். அவ்வளவே அதன் தொழில். கருவுற்றோர் மருத்துவரைக் கேளாமல் மிகுதியாய்ப் பருகலாகாது. ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குத் தேன் கலந்த எந்தக் கஷாயமும் கூடாது.

இதை வற்புறுத்தக் காரணமுண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. வெள்ளம் வடிந்தபின் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. எலியின் சிறுநீர் கலந்த வெள்ளநீரில் நடப்போரின் காலிலுள்ள சிறு புண் வழியே அக்கிருமி உட்புகும். தொடக்கத்தில் அது காய்ச்சலும் உடல்வலியுமாகவே தோன்றும். உடனே மருந்துண்டால் பிழைக்கலாம். 'கஷாயம் குடித்துப் பார்ப்போம்' என்று காத்திருந்தால் சிறுநீரகமும் ஈரலும் கெடக்கூடும். மலேரியாவும் டெங்குவும் இந்நகரின் மழைக்கால விருந்தாளிகளே. ஆகவே வெள்ளத்தில் நடந்தபின் காய்ச்சல் கண்டால் முதலில் மருத்துவரிடம் செல்க. புல் தேயிலையை வீடு திரும்பிப் பருகலாம்.

ஓரிரு ஆண்டுகளில் தொட்டி நிறைந்துவிடும். அப்போது தூர்களைப் பிரித்து, ஊரிலிருந்து புதிதாய் வந்திறங்கிய குடும்பத்திற்கு ஒன்றைக் கொடுங்கள். கொடுக்கும்போது இவ்வெச்சரிக்கையையும் சொல்லுங்கள். தூர் நமக்கும் அவ்வாறுதானே கிடைத்தது!