பாகான் டாலாம் கட்டம்

தாத்தாவின் கடைசிக் கைலி பாட்டியின் சமையலறையில் பிடிதுணியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நல்லதாக இருந்த நான்கு கைலிகளை அம்மா யார் யாருக்கோ கொடுத்துவிட்டார். இது மட்டும் கிழிசல். பாட்டி அதில் ஒரு துண்டை வெட்டி, நாலாக மடித்து, ஓரம் தைத்து, சாம்பார்ச் சட்டி இறக்க வைத்துக்கொண்டார். மிச்சம் எங்கே போனது என்று அவருக்கே நினைவில்லை. எட்டு மாதம் கழித்து ஒருநாள் தேத்தண்ணி கலக்கப் போனபோதுதான் அது என் கண்ணில் பட்டது. அரக்குச் சிவப்பு, கரும்பச்சை, பச்சைக்கு நடுவே மெல்லிய மஞ்சள் கோடு.

பாகான் டாலாமில் எங்கள் வீட்டுப் பக்கமிருந்து பார்த்தால் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். தாத்தா அங்கே மூட்டை தூக்கியவர். வேலை விட்டு வந்து, குளித்து, இந்தக் கைலியைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தால் அன்றைய நாள் முடிந்தது என்று அர்த்தம். அதற்குப் பிறகு யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்.

அதே மாதிரி ஒன்று வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிடிதுணியைப் பையில் போட்டுக்கொண்டு ஃபெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் போனேன். லிட்டில் இந்தியாவில் நான்கு கடைகளில் தலையாட்டிவிட்டார்கள். ஐந்தாவது கடையிலிருந்த பாய் மட்டும் துணியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கைத்தறி தம்பி. ரெண்டாயிரத்துக்கு முன்னாடி மூட்டை மூட்டையா வித்தது. இப்ப வர்றதெல்லாம் மிஷின் சரக்கு."

"இது எங்க தாத்தாவோட டிசைன் பாய்."

"உங்க தாத்தாவோடதா?" சிரித்துவிட்டார். "இதக் கட்டாத ஆளு அப்ப யாரு? எங்க வாப்பாகூடத்தான் கட்டுனாரு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் கவனித்திருக்க வேண்டும். குறிஞ்சிப்பாடியில் தனக்குத் தெரிந்த நெசவாளர் ஒருவர் இருப்பதாகச் சொல்லி வாட்சப் எண்ணைக் கொடுத்தார்.

கடலூர் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி கைலிக்குப் பேர் போன ஊர். அந்த அண்ணனுக்குப் படம் அனுப்பினேன். "படம் வேணாம் தம்பி, நூல எண்ணி அனுப்புங்க. எந்தக் கலர், எத்தன இழை, எங்க திரும்புது, அது போதும்" என்றார். இரண்டு ராத்திரி ஊசி முனையால் இழைகளைத் தள்ளித் தள்ளி எண்ணினேன். அரக்கு 32, வெள்ளை 4, பச்சை 24, மஞ்சள் 2. மஞ்சளில் திரும்பி மறுபடி பச்சை 24, வெள்ளை 4, அரக்கு. பாவிலும் ஊடையிலும் அதே வரிசை. எண்ணி முடித்து எழுதிப் பார்த்தபோது, இந்த மாதிரிக் கணக்கை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றியது.

பார்த்திருந்தேன். பதினாலு வயதில் நான் பள்ளியின் பைப் பேண்டில் இருந்தேன். சிவப்புக் கட்டம் போட்ட கில்ட் உடுத்தி முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது தாத்தா என்னைச் சுற்றி வந்து பார்த்தார். "நம்ம கைலிதானடா இது. பின்னாடி மடிப்பு வச்சுத் தச்சிருக்கான், அவ்ளோதான்." எனக்கு ரோஷம். ஸ்காட்லாந்துக்காரர்கள் குலத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று கட்டம் வைத்திருப்பதை மாஸ்டர் சொன்னபடி ஒப்பித்தேன். அந்தக் கட்டத்துக்கு டார்ட்டன் என்று பெயர், இழை எண்ணிக்கையால்தான் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்பார்கள் என்றும் சொன்னேன். தாத்தா கேட்டது ஒரே கேள்வி: "அப்ப நம்ம ஊருக்கு எது?"

அந்த நேரத்தில் அது கிண்டல் என்று நினைத்தேன்.

இரண்டு துணிக்கும் வித்தியாசம் உண்டு. டார்ட்டன் கம்பளி நூல். ஒவ்வொரு ஊடையும் இரண்டு இழைக்கு மேலே, இரண்டு இழைக்குக் கீழே போகும். அடுத்த ஊடை ஒரு இழை தள்ளிப் போகும். அதனால் நிறங்கள் சந்திக்கும் இடத்தில் சாய்வான கோடுகள் விழும். கைலி பருத்தி, ஒன்று மேலே, ஒன்று கீழே. அங்கே விழுவது புள்ளி. மற்றபடி கணக்கு ஒன்றுதான். நான்கு நிற நூல் போட்டால் கண்ணுக்குத் தெரிவது பத்து நிறம்: நான்கு சுத்தமானவை, ஆறு கலப்பு. தாத்தாவின் கைலியைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஏன் பழுப்பாகத் தெரிந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதில் பழுப்பு நூல் ஒன்றுகூட இல்லை.

பாய் சிரித்த சிரிப்பு உறுத்திக்கொண்டே இருந்ததால் டார்ட்டன் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஒருவிதத்தில் பழிவாங்கும் எண்ணம்தான். அவர்களுடையது மட்டும் எவ்வளவு பழசு பார்ப்போம். 1746இல் பிரிட்டிஷ் அரசு ஹைலண்ட் ஆண்கள் அந்த உடையை உடுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது, 1782இல்தான் நீக்கியது. 1822இல் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்தபோது வால்டர் ஸ்காட் ஏற்பாட்டில் எல்லோரும் டார்ட்டனில் வர வேண்டும் என்றானது. தங்கள் குலத்தின் கட்டம் எது என்று தேடி ஓடியவர்கள் அநேகம். பேனக்பர்னில் வில்சன் குடும்பத்தின் நெசவாலை இருந்தது. அவர்களுடைய கட்டங்கள் பலவற்றுக்கு முதலில் வெறும் எண்தான். பிறகு குலப் பெயர்களும் அபர்தீன், கிளாஸ்கோ போன்ற ஊர்ப் பெயர்களும் ஏறின. 1842இல் பழங்காலச் சுவடியிலிருந்து எடுத்தது என்று சொல்லி சகோதரர்கள் இருவர் ஒரு டார்ட்டன் புத்தகமே போட்டார்கள். சுவடி பொய். அதிலிருந்த கட்டங்களை மக்கள் இன்றும் பெருமையாக உடுத்துகிறார்கள்.

மலாய்க்காரர்கள் இந்தக் கைலியைக் காயின் பெலிகாட் என்பார்கள். பெலிகாட் என்பது புலிக்காட், நம்முடைய பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கோட்டை கட்டி, சோழமண்டலக் கரைத் துணிகளை இந்தப் பக்கம் அனுப்பி நறுமணப் பொருள் வாங்கினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேறொரு செய்தி. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிளாஸ்கோ பக்கத்து நெசவாளர்கள் கட்டம் போட்ட கைக்குட்டைகளை நெய்து விற்றார்கள். அதன் பெயர் 'புலிகேட்'. தாத்தா சொன்னது அவ்வளவு தப்பில்லை.

அண்ணன் பதில் அனுப்பினார். அறுபதாம் நம்பர் நூல், சாயம் போட்டுத் தரலாம். ஆனால் ஒரு கைலிக்காகப் பாவு ஓட்ட முடியாது. "கொறஞ்சது இருவத்தஞ்சு உருப்படி தம்பி. அதுக்குக் கீழ போனா எனக்குக் கூலி நிக்காது." அவர் சொன்னது நியாயம். சாயம் தோய்க்கவும், பாவு ஓட்டவும், கஞ்சி போட்டு தறியில் பிணைக்கவும் ஆகிற உழைப்பு ஒன்றுக்கும் இருபத்தைந்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஸ்காட்லாந்து ஆலைகளும் தனி டார்ட்டன் நெய்யச் சொன்னால் குறைந்தபட்ச நீளம் கேட்கிறார்கள்.

இருபத்தைந்து கைலிக்கு நான் எங்கே போவேன்? எங்கள் வீட்டில் ஆண்கள் நான்கு பேர். பள்ளி நண்பர்கள் குழுவில் படத்தைப் போட்டேன். தயங்கித் தயங்கித்தான் போட்டேன், 'தாத்தாவின் கைலி' என்று. பத்து நிமிடத்தில் ஒருவன் எழுதினான்: "டேய், இது எங்க தாத்தா கைலிடா." இன்னொருவன் பழைய கல்யாண வீட்டுப் படம் ஒன்றை அனுப்பினான். பந்தலுக்குப் பின்னால் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் மூன்று பேரில் இரண்டு பேர் அதே கட்டம். எல்லோரும் துறைமுகத்து ஆட்கள். ஒரே கடையில் ஒரே மூட்டையிலிருந்து வாங்கியிருப்பார்கள். வாரக் கடைசிக்குள் இருபத்தெட்டுப் பேர் ஆகிவிட்டார்கள். ஒரு கைலி 55 வெள்ளி, அனுப்பும் செலவோடு. அதன் பெயர் என்ன என்று ஒரு பையன் கேட்டான். நான் யோசிக்காமல் "பாகான் டாலாம் கட்டம்" என்று அடித்தேன். யாரும் மறுக்கவில்லை. மாக் மண்டினிலிருந்து பணம் கட்டிய ஒருவன் மட்டும், "எங்க ஊர் பேர் எங்கடா?" என்று இன்றுவரை சண்டை போடுகிறான்.

நெசவுக்கு முன் அண்ணன் கடைசியாக ஒன்று கேட்டார். "தலைப்பு எத்தன அங்குலம்? அதுல ஊடை என்ன கலர்?" பெலிகாட்டில் பின்பக்கம் வரும்படி வேறு நிறத்தில் அகலமாக ஒரு பட்டை இருக்கும். மலாயில் கெப்பாலா. பிடிதுணியில் அது இல்லை. படங்களிலும் தாத்தாக்கள் எல்லோரும் முன்னால் பார்த்து நிற்கிறார்கள். அம்மாவுக்குத் தெரியவில்லை. மாமா நீலம் என்றார், சித்தி கறுப்பு என்றார்.

பாட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "எல்லாம் அரக்குதான். பச்சையே இருக்காது. இவ்ளோ" என்று இடது கையை விரித்து ஒரு சாண் காட்டினார். "தெனம் காலையில அஞ்சு மணிக்கு அந்தாளு வேலைக்குப் போவாரு. கைலியக் கட்டிக்கிட்டு முன்னால நடந்து கொல்லைக்குப் போறத நாந்தான பாத்தேன். உங்களுக்கெல்லாம் முன்னாடிதான் தெரியும்." நான் அளவுநாடா எடுத்து வந்து அவர் சாணை அளந்தேன். ஏழே கால் அங்குலம். அப்படியே அனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்துப் பொதி வந்தது. பச்சை நான் கேட்டதைவிட ஒரு பிடி வெளுப்பு. குழுவில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். எனக்கும் முதலில் ஏமாற்றம்தான். பாட்டி கைலியை விரித்து, கஞ்சி வாசத்தை முகர்ந்து, "புதுசுல அதுவும் இப்படித்தான் இருந்துச்சு" என்றார். பிறகு உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டார். வாளி முழுக்கச் சிவந்துவிட்டது.

அண்ணனுக்கு நன்றி சொல்ல அழைத்தேன். வீடியோவில் தறிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் அதே அரக்கு, அதே பச்சை.

"பாவு கொஞ்சம் மிச்சம் நின்னுச்சு தம்பி. வீணாப் போவானேன்னு எனக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டேன். ஒண்ணும் நெனைக்காதீங்க."