எந்த ஃபின்ஸ் வாங்கலாம்?

கடையில் கார்பன் ஃபின்ஸைப் பார்த்ததும் மயங்கிவிட்டேன். எடையே தெரியவில்லை. வளைத்துவிட்டால் பட்டென்று நிமிர்கிறது. பகுதிநேர வேலைச் சம்பளம் அப்படியே போனது.

இங்கே சிட்னியில் ஸ்கூபா சிலிண்டரோடு ஈட்டிமீன் பிடிக்கத் தடை. மூச்சடக்கித்தான் இறங்க வேண்டும். முதல் நாளே, 10 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வரும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. கூட வந்த நண்பன்தான் பிடித்து மேலே கொண்டுவந்தான். ஃபின்ஸில் குறையில்லை. என் காலுக்கு அந்த விறைப்பு அதிகம், அவ்வளவுதான்.

ஆழம் போகும் போட்டிகளின் கணக்கு வேறு. வில்லியம் ட்ரூபிரிட்ஜ் 2016-இல் ஃபின்ஸே இல்லாமல் 102 மீட்டர் போனார். அலெக்ஸி மோல்ச்சனோவ் 2018-இல், இரண்டு கால்களையும் சேர்த்து மாட்டும் மோனோஃபின்னோடு 130 மீட்டர். ஆனால் பாறைகளுக்கு நடுவே மீனைத் துரத்தும்போது மோனோஃபின்னோடு சட்டென்று திரும்ப முடியாது. கார்பன் பாறையில் இடித்தால் விரிசல் விடும். பிளாஸ்டிக் கனம், கொஞ்சம் மந்தம். ஆனால் அடி தாங்கும். ஃபைபர் கிளாஸ் இரண்டுக்கும் நடுவில்.

இப்போது நான் மாட்டுவது மெத்தென்று வளையும் பிளாஸ்டிக்தான். வாங்கப் போகிறவர்கள் பாதம் கச்சிதமாக நுழைகிறதா, கால் எவ்வளவு விறைப்பைத் தாங்கும் என்று முதலில் பாருங்கள். அப்புறம் விலை. எதை மாட்டினாலும் தனியாக இறங்காதீர்கள்.