உரிமம் உள்ள மீன்

எங்கள் லைனில் பெரியப்பா வீட்டு உத்தரத்தில் ஒரு தூண்டில் கோல் கட்டிக் கிடக்கிறது. மூங்கிலை ஆறு பட்டையாகச் சீவி, ஒட்டி, மெருகு பூசிய கோல். சின்ன வயதில் நாங்கள் யாரும் அதைத் தொட முடியாது. "துரை சாமான், கை வைக்காதீங்க" என்பார். அடுத்த சீசனுக்கு வருகிறேன், பத்திரமாக வைத்திரு என்று கொடுத்துவிட்டுப் போன துரை அதற்கப்புறம் மலையேறவே இல்லை. செத்துப்போனார் என்ற சேதியும் வந்தது. அப்போதும் அது துரை சாமானாகவே இருந்தது.

துரை என்றால் வெள்ளைக்காரர் அல்ல, தோழர்களே. நம்மூர் ஆள்தான், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை டிரவுட் பிடிக்க நீலகிரிக்கு வருவார். பையைத் தூக்கவும், ஓடைக்கு வழி காட்டவும், வழுக்குப் பாறையில் கை கொடுக்கவும் பெரியப்பா போவார். கை கொடுப்பதில் தீட்டு இல்லை. ஜீப்பில் பெரியப்பாவுக்கென்று இருந்த தகரக் குவளை மட்டும் சீட்டுக்கு அடியில் தனியாகக் கிடக்கும்.

இந்த மீன்பிடியைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். நம்மில் பலருக்கு இது சினிமாவில் பார்த்த விஷயம். சாதாரணத் தூண்டிலில் புழுவைக் கோத்து எறிவோம், ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். ஃப்ளை ஃபிஷிங்கில் முள்ளுக்குக் கனமே இல்லை. சின்ன முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி கட்டியிருப்பார்கள், அதுதான் ஃப்ளை. அதைத் தனியாக எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் நூலையே கனமாகச் செய்து, கோலை முன்னும் பின்னும் ஆட்டி, நூலை வீசுகிறார்கள். நூலின் நுனியில் கட்டிய மெல்லிய தங்கூசியில் பூச்சி கூடவே போய்த் தண்ணீர்மேல் உட்காரும். டிரவுட் எப்போதும் நீர்வரத்தைப் பார்த்துத் தலைவைத்து நிற்கும். ஆகவே கீழேயிருந்து, அதன் முதுகுப் பக்கமாக, நிழல் விழாமல் நெருங்க வேண்டும். பூச்சி தண்ணீரின் வேகத்தோடு மிதந்து வரவேண்டும். நூல் இழுத்து அது கொஞ்சம் வேகமாக நகர்ந்தாலும் மீன் தொடாது.

இதெல்லாம் புத்தகத்தில் படித்தது இல்லை. பெரியப்பா சொன்னது. மீன் எந்தக் கல்லுக்குப் பின்னால் நிற்கும், எந்த நேரத்தில் மேலே வரும், மேகம் மூடினால் எந்த நிறப் பூச்சி என்பதெல்லாம் அவர் சொல்வார், துரை வீசுவார். சீமையிலிருந்து வாங்கிவந்த பூச்சிகள் தீர்ந்தபோது சேவலின் கழுத்து இறகையும் தையல் நூலையும் வைத்து அவரே கட்டிக் கொடுத்திருக்கிறார். நம் மலைக்காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்கு ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பெரிய மதிப்பு இருந்தது. சால்மன் மீனுக்கான பழைய ஃப்ளைகளில் அதன் மெழுகு போன்ற மஞ்சள் புள்ளி இல்லாமல் வேலை முடியாது. கோழி நம் காட்டில், பூச்சி அவர்கள் கையில்.

ஒருநாள் துரை பெரியப்பாவிடம், "இது நம்ம நீலகிரியோட மீன்டா, வேற எங்கயும் கிடைக்காது" என்று சொல்லியிருக்கிறார். பெரியப்பா, "இல்லீங்க, இதை நான் நுவரெலியாவுலயே பாத்திருக்கேன்" என்றாராம். துரைக்கு அது பிடிக்கவில்லை.

பெரியப்பா சொன்னது உண்மை. இந்த மீனின் பூர்வீகம் வட அமெரிக்காவின் மேற்குப் பக்கம். ரெயின்போ டிரவுட் என்று பெயர். வெள்ளைக்காரர்களுக்கு நீலகிரி ஊர் ஞாபகத்தைக் கொடுத்தது, ஓடையில் ஊர் மீன் மட்டும் இல்லை. 1860களில் பிரான்சிஸ் டே என்ற மீனியலாளர் டிரவுட்டைக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு எச்.சி. வில்சன் வந்தார். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய இடங்களிலிருந்து ரெயின்போ டிரவுட் வந்து, அடுத்த சில ஆண்டுகளில் நீலகிரியின் மேல் ஓடைகளில் நிலைத்தது. இலங்கையில் அந்த மீன் வளர்ந்த இடம் நுவரெலியா மலைகள். எங்கள் தாத்தா பாட்டிமார் கொழுந்து பறித்த அதே மலைகள்.

அந்த மீன் வந்த வழியில்தான் நாங்களும் வந்தோம். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அதில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பிக் கடல் தாண்டியவர்களின் பேரப்பிள்ளைகள். தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்று, நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களைக் குடியமர்த்தவென்றே 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கி, பிறகு டேன்டீ கழகம் ஆனது. அரசாங்கக் காகிதத்தில் எங்கள் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. கடைத்தெருவில் 'சிலோன்காரன்', 'அகதி'. எங்கள் வீடுகளில் மூன்றாவது தலைமுறை பிறந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

மீனுக்கு நடந்ததைப் பாருங்கள். ஈரப்பாசியில் பொதிந்து முட்டையைக் கொண்டுவந்தார்கள். குளிர்ந்த நீர் ஓடும் தொட்டி கட்டினார்கள். தண்ணீர் 20 பாகை வெப்பத்தைத் தாண்டினால் தவித்துப்போகும் உயிர் என்று பார்த்துப் பார்த்து உயரமான ஓடைகளில் விட்டார்கள். சட்டமோ மீனுக்கும் முன்னாலேயே தயாராக இருந்தது. 1877இல் நீலகிரி வேட்டைச் சங்கம் உருவானது, 1879இல் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. எப்போது பிடிக்கலாம், யார் பிடிக்கலாம் என்பது எழுதப்பட்டது. உரிமம் வைத்திருந்தவர் 'ஸ்போர்ட்ஸ்மேன்'. உரிமம் இல்லாமல் பசிக்குப் பிடித்தவர் திருடர்.

அந்த இரண்டாவது பெயர் பெரியப்பாவுக்கும் கிடைத்தது. ஒரு மழைக்காலம், வேலை குறைந்து அரைக்கூலி ஓடிய வாரம். துரையின் கோல் வீட்டில் இருந்தது. விடியலில் ஓடைக்குப் போய், தானே கட்டிய பூச்சியை வீசி, இரண்டு மீன் பிடித்தார். திரும்பும் வழியில் காவலர் மடக்கினார். உரிமம் எங்கே? துரை பெயரில் இருக்கிறது. துரை எங்கே? சமவெளியில். அங்கேயே இரண்டு அறை. பிறகு பத்து நாள் கூலிக்குச் சமமான அபராதம். துரைக்குச் சேதி போனது. "சொல்லாம எடுத்திருக்கான்" என்று ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். அடுத்த சீசனில் பெரியப்பா மறுபடியும் பையைத் தூக்கினார். வீட்டில் நாங்கள் ஆறு வாய்.

இதை அவர் ஒருபோதும் கோபமாகச் சொன்னதில்லை. "அந்த ரெண்டு மீனும் நல்ல மீனு" என்று மட்டும் சொல்வார்.

கல்லூரிக்குப் போன பிறகு ஒரு இயற்கை முகாமில் இந்தக் கதை வேறு மாதிரி திரும்பி வந்தது. பேச வந்தவர் அந்நிய இனங்களைப் பட்டியலிட்டார். சீகை, யூக்கலிப்டஸ், பைன், டிரவுட். அதுவரை சரி. டிரவுட் இங்கே இருந்த சின்ன மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் தின்னும் மீன். புல்வெளியில் மரம் நட்டதால் சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்து தண்ணீரைப் பிடித்துத் தரும் அமைப்பு கெட்டது. இந்த அறிவியலோடு எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் அவர் அதே மூச்சில், "அப்புறம் வெளியிலிருந்து வந்து குடியேறிய கூட்டம்" என்றார். எங்களில் ஒருத்தி எழுந்து, "சார், அந்த லிஸ்ட்ல நாங்களும் இருக்கோமா?" என்று கேட்டாள். அவர் சிரித்துச் சமாளித்தார். அரங்கமும் சிரித்தது.

அன்றிரவு நாங்கள் நிறையப் பேசினோம். மீனை நூறு வருஷம் சட்டம் போட்டுக் காத்தவர்கள் யாரும் அதை 'வந்தேறி' என்று சொல்லவில்லை. விளையாட முடிந்தவரை அது 'நீலகிரியின் பெருமை'. எங்கள் கையில் மலையின் தேயிலை முழுக்கப் பறிக்கப்பட்டது, நாங்கள் இன்னும் வெளியாள். யார் இந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பதை வந்த தேதி தீர்மானிப்பதில்லை. உரிமம் எழுதுகிற கை தீர்மானிக்கிறது.

ஆனால் அதோடு நிறுத்தினால் நாங்கள் நேர்மையானவர்கள் ஆகமாட்டோம். அந்த ஓடைகள் எங்களுக்கு முன்பே வேறு ஆட்களுடையவை. தோடர்கள் மீன் தின்பதில்லை. பைக்காராவும் அவலாஞ்சியும் அவர்களுக்குத் தெய்வ ஆறுகள். அந்தத் தண்ணீரில் அந்நிய மீனை விட்டபோதும், பிறகு அதை மறித்து அணைகள் கட்டியபோதும் அவர்களையும் யாரும் கேட்கவில்லை. இருளரும் குறும்பரும் தங்கள் காட்டிலேயே அத்துமீறியவர்கள் ஆக்கப்பட்டார்கள். நாங்கள் கொழுந்து பறிக்கும் டேன்டீ தோட்டமே காட்டை அழித்துப் போட்டதுதான். எங்கள் பாட்டிமாருக்கு வேறு வழி விடப்படவில்லை என்பது உண்மை. இழப்பு பழங்குடிகளுடையது என்பதும் உண்மை. 2006 வன உரிமைச் சட்டம், பிரிவு 3(1)(ஈ), நீர்நிலைகளின் மீனையும் பிற பொருள்களையும் சமூக உரிமையாகச் சொல்கிறது. மலை ஓடையில் அந்த உரிமையைக் கேட்கும் முதல் குரல் அவர்களுடைய கிராம சபையாக இருக்கட்டும். துரையின் இடத்தில் இன்னொரு துரையாக உட்கார நாங்கள் வரவில்லை.

எங்களுடைய வேலை கொஞ்சம் கீழே இருக்கிறது. மலையில் உரிமம் செய்ததைச் சமவெளியில் மீன்பாசி ஏலம் செய்கிறது. கண்மாய் ஊருக்குப் பொது என்பார்கள், ஏலத்தில் சேரிக்காரர் கை தூக்கினால் முறைப்பார்கள். மீன் விற்ற காசு 'ஊர்ப் பொது'வுக்குப் போகும், அந்த ஊரில் சேரி இருக்காது. மீன்பிடி நாளில் நாம் கரையில் நிற்கலாம், வலை இழுக்கக் கூலிக்குப் போகலாம். 1927 மார்ச் 20 அன்று மகாடில் பாபாசாகேப் குளத்தில் இறங்கிக் கைநிறைய நீர் அள்ளியது தாகத்துக்காக மட்டும் இல்லை. பொது என்று எழுதியிருப்பது யாருக்குப் பொது என்று கேட்பதற்கு. தண்ணீரைக் குடிக்கும் உரிமைக்கே வேங்கைவயல் வரை போராடிக்கொண்டிருக்கும்போது மீனைப் பற்றி என்ன பேச்சு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். மீன் என்பது காசு. காசு உள்ள இடத்தில்தான் 'பொது' என்ற சொல்லின் பொய் சீக்கிரம் தெரியும்.

ஆகவே விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவர்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்கள் ஊர்க் குளம் யார் பொறுப்பில் இருக்கிறது, ஊராட்சியா, நீர்வளத் துறையா, கோயிலா என்று கேளுங்கள். கடைசியாக மீன்பாசிக் குத்தகை யாருக்குப் போனது, எவ்வளவுக்கு, அந்தப் பணம் எந்தக் கணக்கில் வரவானது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பதில் வந்ததும் தெருவில் எல்லோருக்கும் கேட்க வாசித்துக் காட்டுங்கள். சண்டை அதற்குப் பிறகு தானாக வரும், தயாராக இருங்கள்.

போன பொங்கலுக்கு நாங்கள் எல்லோரும் லைனில் கூடினோம். முகாமில் கேள்வி கேட்டவள்தான் பெரியப்பாவைக் கேட்காமலே உத்தரத்துக் கட்டை அவிழ்த்தாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நூலைத் தடவிப் பார்த்தார், இற்றுப்போயிருந்தது. ஊட்டிக்குப் போய்ப் புது நூல் வாங்கிவந்தோம். ஓடைப் பக்கம் போகவில்லை. லைனுக்குக் கீழே இருக்கும் புல்தரையில், நுனியில் முள்ளுக்குப் பதில் சிவப்புக் கம்பளி நூல் முடிந்து, பெரியப்பா வீசிக் காட்டினார். எழுபத்தைந்து வயதுக் கை. நூல் தலைக்குப் பின்னால் முழுக்க நீண்டு, ஒரு கணம் நின்று, முன்னால் போய் ஓசையில்லாமல் புல்லில் படுத்தது. பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். எல்லோருக்கும் தலையைச் சுற்றி நூல் சிக்கியது.

"பின்னால போற நூல் முழுசா நீளட்டும். அதுவரைக்கும் பொறு, அவசரப்படாத" என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாக ஒரு பொடியன், "தாத்தா, இது யாரு கோலு?" என்று கேட்டான். பெரியப்பா கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "நுனி மண்ணுல படாமப் பாத்துக்க. உனக்கப்புறம் தங்கச்சி வீசணும்" என்றார்.

ஜெய்பீம்.