கட்டை துள்ளும் வரை

எழும்பூரில் விக்டோரியா ராணி காலத்து வீடு ஒன்றில் மாடிக் கூரை வேலை நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு மூலையைப் பிரித்து வைத்திருந்தார்கள். இரண்டு தேக்கு உத்திரங்கள் சுவருக்குள் புதைந்த நுனியில் மட்டும் மக்கியிருந்தன; மிச்சமெல்லாம் கெட்டி. கீழ் பர்மா 1852-ல் ஆங்கிலேயர் வசமான பின் ரங்கூன் தேக்கு கடல்வழியே தாராளமாக வந்து இறங்கியது. அந்தக் காலத்துச் சென்னை வீடுகள் பலவற்றின் கூரையைத் தாங்குவது அந்த மரம்தான்.

நுனி ஏன் மக்கியது? ஒழுகுகிறது என்று முன்பு யாரோ தளத்தின்மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். "உள்ள போன தண்ணி வெளிய வர வழி வேணும் சார். சுண்ணாம்பு அதுக்கு வழி விடும். சிமெண்ட்டு அடைச்சிரும்" என்றார் மேஸ்திரி. எழுபதை நெருங்குகிறவர். சாரத்தில் மல்லாந்தபடிதான் பாதி நேரம் பேசினார்.

மெட்ராஸ் டெரஸ் என்னும் இந்தக் கூரைக்கு அடியில் பலகை முட்டுக் கொடுப்பதில்லை. ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, உத்திரங்களுக்குக் குறுக்கே சாய்வாக, முந்தைய கல்லோடு சேர்த்து நிமிர்த்தி ஒட்டுகிறார் மேஸ்திரி. சற்று அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுக்கிறார். கல் அந்தரத்தில் நிற்கிறது! சாந்தின் பதம் சற்று நெகிழ்ந்தாலும் கல் முகத்தில் விழும். எவ்வளவு தண்ணீர் என்று கேட்டேன். விரலால் தொட்டுக் காட்டினார்.

அதன்மேல் சுண்ணாம்பில் பிசைந்த செங்கல் ஜல்லி. இங்கேதான் பெண்களின் வேலை தொடங்குகிறது. வரிசையாகக் குத்தவைத்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுகிறார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை இடையிடையே தெளிக்கிறார்கள். நான்கு அங்குலத் தளம் மூன்று அங்குலமாக இறுகும். எப்போது நிறுத்துவீர்கள் என்று ஓர் அக்காவிடம் கேட்டேன். "கட்டை பதியாம துள்ளித் திரும்பணும்" என்றார். பொறியாளர்களின் பழைய விதிமுறையும் இதையேதான் சொல்கிறது. அந்த அக்காவுக்குக் கிடைப்பதோ மண் சுமக்கும் சித்தாள் கூலி. இது அநியாயம். தளம் நீர் தாங்குவதே அவர் கை நிதானத்தால்தான்.

மேல் ஓடு பதித்துச் சாந்து பூசினால் தளம் முடிந்தது. பிறகு சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லக் கல்லாகிறது. அவசரப்படுத்த முடியாது. ஒப்பந்தக்காரர்கள் சிமெண்ட்டுக்கு ஓடுவதும் இதனால்தான்.

பழைய கட்டடங்களைக் காக்கத் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே இயற்றப்பட்டது. சட்டம் இடிப்பதைத் தடுக்கலாம். ஒழுகும் கூரையைக் கட்டித் தராது. அந்த மேஸ்திரியோடு வேலை பழக ஓர் இளைஞர்கூட அங்கே இல்லை. பழைய வீடு வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: தளம் ஒழுகினால் சிமெண்ட் மூட்டையைப் பிரிக்காதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். அவரோடு கற்றுக்கொள்ள ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ சேர்த்துக் கூலி கொடுங்கள்.